விமானத்தில் ஒரு மணி நேரம். கடையிலிருந்து எத்தனை மணி?

"திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தானே! பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பு ஒடிய வேண்டுமா?" என்று கேட்கும் வணிகர்கள் இப்போது பெரம்பலூரிலும் அரியலூரிலும் பெருகிவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். முன்பு விமானம் என்றால் பெரிய முதலாளிகளுக்கு என்று இருந்தது. இன்று மளிகைக் கடை வைத்திருப்பவரும் மகன் வீட்டுக்குப் போகவும், கொள்முதலுக்குப் போகவும் டிக்கெட் எடுக்கிறார். முன்கூட்டியே எடுத்தால் கட்டணமும் சில நாட்களில் கட்டுப்படியாகிறது.

ஆனால் நாம் வணிகர்கள். சரக்கு வாங்கும்போது அடக்க விலையோடு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு எல்லாம் சேர்த்துத்தானே விலை போடுகிறோம்? பயணத்துக்கு மட்டும் டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தை அப்படியே நம்பிவிடலாமா? ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு உள்ள நேரம் அடக்க விலை மாதிரி. கடை வாசலிலிருந்து சந்தை வாசல் வரை ஆகும் நேரம்தான் இறக்குமதியான விலை. அந்தக் கணக்கை நம் இரண்டு மாவட்ட வணிகர்களுக்காக இங்கே போட்டுப் பார்ப்போம்.

ஆகாய தூரமும் தரை தூரமும்

திருச்சி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 293 கிலோமீட்டர். இதே தூரம் சில அட்டவணைகளில் 182 என்றும், வேறு சிலவற்றில் 158 என்றும் இருக்கும். குழம்ப வேண்டாம். முதலாவது சாதாரண மைல். இரண்டாவது விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் கடல் மைல்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். படியும் லிட்டரும் போலத்தான். அளவை வேறு, சரக்கு ஒன்றே.

சாலை வழியாகத் திருச்சியிலிருந்து சென்னைக்குச் சுமார் 330 கிலோமீட்டர். சென்னை எழும்பூருக்கு ரயில் பாதையில் விருத்தாசலம் வழியாக 337 கிலோமீட்டர். ஆக, ஆகாயத்தில் போவதால் மிச்சமாகும் தூரம் 40 கிலோமீட்டர் அளவுதான். விமானத்தின் லாபம் தூரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. தேசப்படத்தை எடுத்து, திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு அடிமட்டம் வைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் போகிறது. அதாவது, பெரம்பலூர் வணிகர் சென்னைக்குப் போக வேண்டும் என்றால், முதலில் சென்னைக்கு எதிர்த்திசையில் 60 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும். பிறகு விமானம் ஏறி, தன் ஊர் இருக்கும் பக்கமாகவே வடக்கே திரும்பி வர வேண்டும். திருச்சிக்காரருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். திருச்சிக்காரர் போடும் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

293 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஏன்?

பெரிய ஜெட் விமானம் உயரே போன பிறகு மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். திருச்சி – சென்னை போன்ற குறுகிய வழித்தடங்களில் பெரும்பாலும் காற்றாடி பொருத்திய ஏ.டி.ஆர். ரக விமானங்கள் ஓடுகின்றன. அவை மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும். அந்த வேகத்தில் 293 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. மீதி நேரம் எங்கே போகிறது?

விமானக் கம்பெனிகள் நேரத்தைக் கணக்கிடுவது, விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்ந்தது முதல் போய்ச் சேரும் இடத்தில் நிறுத்தத்தில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, புறப்பட முறை வரும் வரை காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன் வட்டமிடுவது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் இதில் அடங்கும். சென்னை நெரிசலான நிலையம் என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரமும் வைத்தே அட்டவணை போடுவார்கள். குறுகிய தூரத்தில் ஜெட் விமானம் வந்தாலும் சில நிமிடங்களுக்கு மேல் மிச்சமில்லை. முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். தூரம் கூடக் கூடத்தான் விமானத்தின் வேகம் நமக்குப் பயன்படும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் எளிது.

கடை வாசலிலிருந்து கோயம்பேடு வரை

இப்போது நம் கணக்கைப் போடுவோம். சேரிடம் கோயம்பேடு. கீழே உள்ளவை சராசரியாக எடுத்த உத்தேச நேரங்கள். ஊர்ப் போக்குவரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

பெரம்பலூரிலிருந்து விமானத்தில்: கடையிலிருந்து காரில் திருச்சி விமான நிலையம் 1 மணி 15 நிமிடம். உள்நாட்டுப் பயணத்துக்கும் பெட்டி கொடுக்கும் கவுண்டரை புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். ஆகவே முன்னதாகப் போய்க் காத்திருப்பது 1 மணி 30 நிமிடம். விமானம் 1 மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 30 நிமிடம். மெட்ரோ ரயிலில் ஏறி ஆலந்தூரில் மாறிக் கோயம்பேடு சேர 45 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்.

பெரம்பலூரிலிருந்து பேருந்தில்: பேருந்து நிலையம் போய் ஏற 15 நிமிடம். கிளாம்பாக்கம் வரை சுமார் 240 கிலோமீட்டர், 4 மணி 45 நிமிடம். தென் மாவட்டப் பேருந்துகள் 2024ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து கோயம்பேடு போகாமல் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுகின்றன என்பதால், அங்கிருந்து மாநகரப் பேருந்தில் கோயம்பேடு போக 1 மணி 15 நிமிடம். மொத்தம் 6 மணி 15 நிமிடம்.

அரியலூரிலிருந்து ரயிலில்: நிலையத்துக்குப் போய்க் காத்திருக்க 30 நிமிடம். வைகை, பல்லவன் போன்ற பகல் வண்டிகளில் எழும்பூருக்கு 4 மணி 30 நிமிடம். எழும்பூரிலிருந்து வண்டி மாறாமல் மெட்ரோவில் கோயம்பேடு சேர, நடை உட்பட 40 நிமிடம். மொத்தம் 5 மணி 40 நிமிடம். பெரம்பலூர்க்காரர் அரியலூர் வந்து ரயில் ஏறுவதானால் இன்னும் 50 நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அரியலூரிலிருந்து விமானத்தில்: திருச்சி விமான நிலையம் போக 1 மணி 45 நிமிடம். மற்றவை முன்பு சொன்னபடியே. மொத்தம் 5 மணி 30 நிமிடம்.

முடிவைப் பாருங்கள். விமானத்தில் போவதால் அரியலூர் வணிகருக்கு மிச்சம் 10 நிமிடம்! பெரம்பலூர் வணிகருக்கு ஒன்றே கால் மணி நேரம். விமானம் அரை மணி தாமதமானால் அரியலூர்க்காரருக்கு நஷ்டக் கணக்கு. பெரம்பலூர்க்காரருக்கு மிச்சம் முக்கால் மணியாகக் குறையும்.

சந்தை நேரம் எது?

நேரம் எவ்வளவு ஆகிறது என்பதோடு, எந்த நேரத்தில் போய்ச் சேருகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கொத்தவால்சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. அன்று முதல் இன்று வரை காய்கறி, பழம், பூ வியாபாரத்தின் சூடு விடிவதற்கு முன்புதான். திருச்சியிலிருந்து முதல் விமானத்தைப் பிடித்துப் போனாலும் அந்த வேளைக்குள் சந்தைக்குள் நுழைய முடியாது. லாரி இறங்கி, ஏலம் முடிந்து, நல்ல சரக்கு கைமாறிய பிறகுதான் நாம் போய் நிற்போம்.

இரவில் அரியலூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் எழும்பூர். இரவுப் பேருந்தில் ஏறினால் விடிவதற்கு முன் கிளாம்பாக்கம். தூங்குகிற நேரத்தில் பயணம் முடிந்துவிடுகிறது. கடையில் இரவு கல்லா எண்ணி மூடிவிட்டுக் கிளம்பலாம். மறுநாள் பகல் வண்டியில் திரும்பினால் மாலை வியாபாரத்துக்குக் கடையில் இருக்கலாம். வேகமான வாகனத்தை விட, வேலை நேரத்தைத் தின்னாத வாகனம்தான் வணிகனுக்கு லாபம்.

பருப்பு, மிளகாய், மசாலா சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அந்தக் கடைகள் காலை பத்து மணிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும். அவர்கள் பகல் பயணத்தைப் பற்றி யோசிக்கலாம். அங்கும் பணக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை

மிச்சமான நேரத்துக்கு விலை போடத் தெரியாவிட்டால் இந்தக் கணக்கு முழுமை பெறாது. உதாரணமாக ஒரு கடையில் நாள் விற்பனை ரூ.20,000 என்று வைத்துக்கொள்வோம். செலவு போக நிற்கும் லாபம் நூற்றுக்கு 8 என்றால் நாளுக்கு ரூ.1,600. கடை 14 மணி நேரம் திறந்திருந்தால் மணிக்குச் சுமார் ரூ.115. சிலர் விற்பனைத் தொகையையே நஷ்டமாக எண்ணி, "ஒரு நாள் கடை மூடினால் இருபதாயிரம் போச்சு" என்பார்கள். அது தவறு. விற்காத சரக்கு அலமாரியில்தான் இருக்கிறது. போவது லாபம் மட்டும்தான்.

அந்தக் கடைக்காரர் விமானத்தில் போய் ஒன்றே கால் மணி நேரம் மிச்சம் பிடித்தால் அதன் மதிப்பு சுமார் ரூ.145. விமானக் கட்டணத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு, விமான நிலையம் போகும் கார் வாடகையையும் சேர்த்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுப்படியாகாது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். உங்கள் கடையின் உண்மையான தொகைகளைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். மொத்த வியாபாரிக்கு ஒரு மணி நேரத்தின் மதிப்பு பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். அவருக்கு விடையும் மாறலாம்.

பணத்தோடு உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வயதானவர்கள், முதுகுவலி உள்ளவர்கள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ரூபாய்க் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுக்கும் பல சமயம் ரயில் படுக்கையே அதிக சௌகரியம்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வணிகர்கள் வியாபார வேலையாக விமான டிக்கெட் எடுக்கும்போது தங்கள் பதிவு எண்ணைக் கொடுத்து வரி பில் வாங்கிக்கொண்டால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க வழி உண்டு. இணக்கமுறைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. விவரத்தை உங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானம் ஜெயிக்கும் இடம்

இவ்வளவும் சொன்னதால் விமானமே வேண்டாம் என்று பொருளல்ல. மும்பையைப் பாருங்கள். பருப்பு வகைகளுக்கும் வாசனைச் சாமான்களுக்கும் பெயர் பெற்ற வாஷி மார்க்கெட் அங்கே இருக்கிறது. திருச்சியிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,115 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடைத்தால் 2 மணி நேரம். பெரம்பலூர்க் கடையிலிருந்து வாஷி வரை முன்பு போட்டது போலவே கூட்டினால் 6 மணி 45 நிமிடம் வருகிறது. அதாவது பேருந்தில் கோயம்பேடு போகிற நேரத்தோடு அரை மணி கூடினால் மும்பை சந்தை! ரயிலில் போனால் போவதற்கு மட்டும் ஒரு நாளைத் தாண்டிவிடும். போக வர இரண்டு நாளுக்கு மேல் மிச்சம். கடை லாபத்தோடு வழிச் சாப்பாடு, தங்கும் செலவும் மிச்சம். இங்கே விமானம் நியாயமான செலவு.

சென்னையில் விமானம் மாறி வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அதற்காகத் திருச்சி போய்த்தான் விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. அரியலூரில் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம் பக்கம்தான். திரிசூலம் நிலையத்துக்கு எதிரே விமான நிலையம். ஆனால் ரயில் தாமதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே டிக்கெட்டில் திருச்சி – சென்னை – டெல்லி என்று எடுத்தவருக்கு முதல் விமானம் தாமதமானால் கம்பெனி பொறுப்பேற்கும். ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்டால் நஷ்டம் நம்முடையது.

வெளிநாட்டுப் பயணத்தில் திருச்சி நமக்குக் கிடைத்த வரம். 1938இலேயே டாடாவின் விமானத் தபால் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குப் போனது. 2012இல் சர்வதேச நிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது. 2024 ஜனவரி 2 அன்று புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். ஜூன் மாதம் அது செயல்பாட்டுக்கு வந்தது. திருச்சியிலிருந்து கொழும்பு சுமார் 417 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர் சுமார் 2,980, துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர். கிழக்கும் மேற்கும் கிட்டத்தட்ட சம தூரம். இரண்டுக்கும் நான்கு மணி நேரம் அளவில்தான் ஆகிறது.

இங்கே நேரக் குழப்பம் வரும். டிக்கெட்டில் உள்ள மணி அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. காலை 10 மணிக்குத் திருச்சியில் ஏறினால் அங்கே இறங்கும்போது மாலை 4.30. ஆறரை மணி நேரப் பயணம் என்று நினைக்க வேண்டாம். திரும்பும்போது அங்கே 10 மணிக்கு ஏறினால் இங்கே 11.30க்கு இறங்கலாம். துபாய் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே. அங்கே இந்தக் கணக்கு தலைகீழ்.

சரக்குக்கும் ஒரு கணக்கு

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்களில் காய்கறி, பழம், பூ போகின்றன. நம் பகுதிச் சரக்கை அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானச் சரக்குக்கு எடையோடு இடத்துக்கும் காசு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது கன எடை. உண்மை எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 60க்கு 50க்கு 50 பெட்டியில் பொரியோ அப்பளமோ 6 கிலோ வைத்தாலும் 25 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். முந்திரிப்பருப்பு அப்படியல்ல. இடம் குறைவு, விலை அதிகம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பாரச் சரக்கு. அளவாக அனுப்பினால் தவிர அவற்றுக்குக் கப்பல்தான் கட்டும். சீக்கிரம் வாடுவது, கிலோ விலை கூடியது, இந்த இரண்டும் சேர்ந்த சரக்குதான் ஆகாய வாடகையைத் தாங்கும்.

மாதிரிச் சரக்கைப் பெட்டியில் எடுத்துப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அனுமதி இல்லை. கற்பூரம், தீப்பெட்டி, பட்டாசு எதுவும் கூடாது. மிளகாய்த் தூளைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள். உள்நாட்டு விமானங்களில் பொதுவாகப் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம். நமக்குக் கைவந்த கலைதானே, வீட்டிலேயே தராசில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மழைக்காலத்தில் எல்லா வழியும் தெரிந்திருக்க வேண்டும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அடுத்த இரண்டு நாளில் விழுப்புரம் பக்கத்தில் வெள்ளம் புகுந்து திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்களும் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை விமான நிலையம் மூடித் திறந்தது. போகிப் பண்டிகைக் காலையில் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் தாமதமாவதும் உண்டு. பொங்கல் கொள்முதலுக்கு அந்த நாளில் விமானத்தை நம்பிப் போகிறவர்கள் யோசித்துச் செய்யட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரே வழியை நம்பாமல், தேவையான சரக்கை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி வைப்பது நல்லது.

மேலே சொன்ன வண்டிகள், விமானங்களின் நேரங்கள் அவ்வப்போது மாறும்; புறப்படுமுன் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது. கடை வாசல் முதல் சந்தை வாசல் வரை ஆகும் நேரத்தைக் கூட்டுங்கள். சந்தை சூடு பிடிக்கும் வேளையைப் பாருங்கள். உங்கள் ஒரு மணி நேர லாபத்தால் பெருக்குங்கள். சென்னை வரை ரயிலும் இரவுப் பேருந்தும் நமக்குப் போதும். அதைத் தாண்டினால் விமானத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.